கலோரிச் செயலி உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

22 வயது, 160 செ.மீ. உயரம், 55 கிலோ எடை என்று ஒரு பெண் பதிந்ததும், “ஓய்வில் உங்கள் தேவை 1,279 கிலோ கலோரி” என்று அடித்துச் சொல்லிவிடுகிறீர்கள். அது, ஓய்வில் இருக்கும் உடல் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலை வயது, உயரம், எடை கொண்டு கணிக்கும், 1990-இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜோர் சமன்பாட்டின் விடை. 1919-இன் ஹாரிஸ்–பெனடிக்ட் சமன்பாட்டில் அதே பெண்ணுக்கு 1,374 வரும். 95 வித்தியாசம், நடமாட்டத்துக்காக 1.5-ஆல் பெருக்கினால் 140-ஐத் தாண்டும். எந்தச் சமன்பாடு என்பதையாவது திரையில் போடுங்கள்.

இவ்விரண்டும் தசையையும் கொழுப்பையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கன்னிங்காம் சமன்பாடு (1980) பார்க்கிறது: கொழுப்பு நீங்கலான எடையை 22-ஆல் பெருக்கி 500 கூட்ட வேண்டும். அந்த 55 கிலோவில் கொழுப்பு 25 சதவீதம் என்றால் சுமார் 1,408. 35 சதவீதம் என்றால் 1,287. ஆனால் வீட்டு எடைக்கருவி காட்டும் கொழுப்பு அளவு, உடலில் நீர் கூடக் குறைய மாறும். அதை நம்பி இதில் போட்டால் பிழையும் சேர்ந்தே வரும்.

நிச்சயம் வேண்டுமென்றால் மூச்சில் செலவாகும் ஆக்சிஜனையும் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடையும் அளக்க வேண்டும். இரவு உணவுக்குப்பின் காபிகூடக் குடிக்காமல் காலையில் வந்து, அரைமணி நேரம் தூங்காமல் படுத்திருந்து, பிறகு தலையை மூடும் கவிகைக்குள் (மூச்சுக்காற்றைச் சேகரிக்கும் மூடிக்குள்) அளவீடு. முதல் 5 நிமிடத்தைத் தள்ளிவிட வேண்டும். நிமிடத்துக்கு ஆக்சிஜன் 190 மி.லி. செலவாகி, கார்பன் டை ஆக்சைடு 155 மி.லி. வெளியேறினால், இவ்விரண்டிலிருந்து ஆற்றல் செலவைக் கணக்கிடும் வீயர் சூத்திரப்படி நாளுக்கு ஏறத்தாழ 1,325 கிலோ கலோரி. பதற்றத்தில் வேகமாக மூச்சுவிட்டால், கார்பன் டை ஆக்சைடை ஆக்சிஜனால் வகுத்து வரும் விகிதம் 1-ஐத் தாண்டும். அந்த அளவீடு செல்லாது. கவிகை ஓரத்தில் மூச்சு கசிந்தால் விடை குறைந்துபோகும், பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். மறுமுறை அளப்பதானால் மாதவிடாய்ச் சுழற்சியின் அதே கட்டத்தில் அளப்பது நல்லது. கருமுட்டை வெளிவந்த பிறகு சிலருக்குச் செலவு சற்றே கூடும்.

எங்களுக்குப் பெரிய கவலை வேறு. அளந்தது கணித்ததில் 90 சதவீதத்துக்கும் கீழே இருந்தால், “வளர்சிதை மந்தம், இன்னும் குறைத்துச் சாப்பிடு” என்பதே வழக்கமான அறிவுரையாகிவிட்டது. நீண்ட நாள் குறைவாகச் சாப்பிட்டதால் உடலே செலவைச் சுருக்கியிருக்கலாம், முக்கியமாக ஓட்டம், நடனம் என்று கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்களிடம்.

இப்படிச் சுருங்குவதன் ஓர் அறிகுறி மாதவிடாய் தவறுவது. ஆகவே பதிவின்போதே மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். மூன்று மாதமாக வரவில்லை என்றால் எடைக்குறைப்பு இலக்கை அங்கேயே நிறுத்தி, மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை ஆற்றலை அளக்கும் பணியில் உள்ளோர்