செல் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் தோலின் ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல் பற்றி வந்த கட்டுரை படிக்க நன்றாக இருந்தது. ஆனால் செல்லைப் பற்றியே பேசிவிட்டு, அது இருக்கும் இடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தச் செல் முடியாக வேண்டுமா, மேல்தோலாக வேண்டுமா, சும்மா கிடக்க வேண்டுமா என்பதைப் பெருமளவு முடிவு செய்வது சுற்றியுள்ள திசுதான்.

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் தீக்காய வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வெந்த இடத்தில் ஒட்டுப் போடுவதற்குத் தொடையிலிருந்து மெல்லிசாகத் தோலைச் சீவி எடுப்பார்கள். சிவந்து, நீர் கசிந்து கிடக்கும் அந்த இடத்தைப் பார்த்து, கூட இருப்பவர்கள்தான் அதிகம் பயப்படுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். அடியில் மிச்சமிருக்கும் மயிர்க்கால்களிலிருந்து செல்கள் மேலேறி வந்து மேல்தோலாகிவிடுகின்றன. அதுவரை முடி வளர்க்க இருந்த செல், பக்கத்தில் காயம் பட்டதும் வேறு வேலைக்குப் போகிறது. ஆழமாக வெந்து மயிர்க்காலே அழிந்துபோன இடத்தில் இது நடக்காது. அங்கேதான் ஒட்டு தேவைப்படுகிறது.

அந்தத் தொடைத் தோலை உள்ளங்கையில் வைத்தால் பிடித்துக்கொள்ளும், ஆனால் உள்ளங்கைத் தோலாகாது. பெரும்பாலும் கறுத்தே நிற்கும். ஒட்டோடு, மேல்தோலுக்குக் கீழே இருக்கும் தொடையின் அடித்தோலும் கொஞ்சம் சேர்ந்தே வருகிறதே! அதுவே, வேறு இடத்து மேல்தோல் செல்களை உள்ளங்கால் அடித்தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற, நார்த்திசுவை உண்டாக்கும் செல்களோடு சேர்த்து வளர்த்தால், உள்ளங்கை, உள்ளங்காலுக்கே உரிய கெரட்டின் 9 என்ற புரதத்தை உண்டாக்கத் தொடங்குகின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் காட்டியிருக்கிறார்கள்.

1999-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு இன்னும் வேடிக்கை. ஓர் ஆணின் தலையிலுள்ள மயிர்க்காலின் அடித்தோல் உறையைத் துளி எடுத்து, ஒரு பெண்ணின் முன்கையில் வைத்தார்கள். அங்கே புது மயிர்க்கால் உருவாகி முடி முளைத்தது. முடியைத் தந்தது அந்தப் பெண்ணின் மேல்தோல். உத்தரவு போட்டது ஆணின் திசு. எலிகளில் தோலடிக் கொழுப்புகூட மயிர்க்காலை உறங்கவும் எழவும் வைக்கிறதாம்.

சரி, இதெல்லாம் இப்போது எதற்கு? அதே இணைப்பின் கடைசிப் பக்கத்தில் 'வழுக்கைக்கு ஸ்டெம் செல் ஊசி, நிரந்தரத் தீர்வு' என்று கால் பக்க விளம்பரம். சுற்றியுள்ள திசுவை விட்டுவிட்டு, செல்லை மட்டும் ஏற்றினால் போதுமா? என் அக்கா மகன் இப்படி ஒரு கிளினிக்கில் இ.எம்.ஐ. போட்டுப் பணம் கட்டிவிட்டு, இன்னும் தொப்பியோடுதான் அலைகிறான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டு நெறிகள், ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்லை ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கு மாற்றிவைப்பதைத்தான் சிகிச்சையாக ஏற்கின்றன. மற்றவை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வுக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது.

கட்டுரையாளர் சுற்றியுள்ள திசுவைப் பற்றி இரண்டாம் பகுதி எழுதினால் நல்லது. அது வரும் வாரத்திலாவது இந்த விளம்பரத்தைப் போடாமல் இருங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
அயனாவரம், சென்னை-23