ஆயில் பேஸ்டல் விஷயமாக, நம் கடையிலிருந்து

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விஷயம் இதற்குள் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். நம் கடையில் வாங்கிய ஆயில் பேஸ்டல் என்ற வண்ணக் குச்சி "மூன்று வாரமாகியும் காயவில்லை, உருகிப்போன பழைய சரக்கு" என்று, ஈஷிப்போன ஒரு காவிரிக்கரைப் படத்தோடு கும்பகோணம் முழுக்கச் சுற்றுகிறது. விலை அதிகம் என்று சொல்லியிருந்தால்கூடப் பேசாமல் இருந்திருப்பேன். பழைய சரக்கு என்றதுதான் பொறுக்கவில்லை.

ஆயில் பேஸ்டல் மூன்று வருடமானாலும் முழுக்கக் காயாது. ஆயில் பெயின்டில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகிவிடும். இதில் இருப்பது இறுகாத எண்ணெயும் மெழுகும். அதனால்தான் கரையில் உட்கார்ந்து வானத்தையும் மணலையும் விரலாலேயே இழைக்க முடிகிறது. சூட்டில் இளகுவதும் அதன் குணம். 1920களில் இதைக் கொண்டுவந்த ஜப்பானின் சகுரா கம்பெனியே முதலில் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்தது. மே மாத மத்தியானத்தில் பைக் டேங்க் மேல் வைத்த பெட்டி வேறென்ன ஆகும்? நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

இளகிய குச்சியை நிழலில் வையுங்கள், இறுகிவிடும். படத்தின் மேல் பட்டர் பேப்பர் போட்டுப் பைக்குள் வையுங்கள். கேட்டால் ஒரு துண்டு சும்மாவே தருகிறோம், என்றும் தந்ததுதான்.

அந்தச் செய்தி சுற்றிய போன் குழுவிலேயே நமக்காகப் பேசிய கவின் கலைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும், ஞாயிறு தவறாமல் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது! செங்காவித் தாளில் வரைந்தால் நாற்றங்கால் பச்சை தூக்கலாகத் தெரியும், இடையிடையே தாளை அப்படியே விட்டாலே வரப்பாகிவிடும் என்று எனக்குக் காட்டியவர்களே நீங்கள்தான். அதற்குப் பிறகுதான் வெள்ளைத் தாளைக் குறைத்து, வண்ணத் தாளை அதிகமாக வாங்கி அடுக்கினேன்.

அப்புறம், பிரித்த பெட்டியை இனி மாற்றித் தருவதற்கில்லை. வண்ணத் தாளும் கொஞ்சம் விலை ஏறியிருக்கிறது, வந்தால் சொல்கிறேன்.

ஜூன் 12 மேட்டூர் திறந்து நம் ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 6 மணிக்கே கடை திறந்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் வரைந்து முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்