சீட்டுக்கட்டுக்குள் எகிப்தைத் தேட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், ஜோசியம் பார்க்கப் பயன்படுத்தும் டாரட் என்ற படச் சீட்டுக்கட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிரெஞ்சு டாரட் சீட்டுகள் எகிப்தியப் பூசாரிகள் ஒளித்து வைத்த ஞானம் என்று எழுதிவிட்டு, பக்கத்தில் போட்ட படமோ 1909இல் லண்டனில் வெளிவந்த சீட்டுக்கட்டு. வெயிட் என்பவர் சொல்லச் சொல்ல பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது அது. கட்டுரையாளர் எந்த இரண்டு கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. பார்த்திருந்தால் எகிப்துக் கதை தானாக உதிர்ந்திருக்கும்.

அந்தக் கதையைக் கிளப்பியவர் கூர் தெ ஜெபலான் என்ற எழுத்தாளர், 1781இல், பாரீஸில். எகிப்தின் சித்திர எழுத்தை ஷம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் படித்துக் காட்டியதே 1822இல்தான். யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்துக்காரர்களின் ரகசியத்தை நாற்பது வருஷம் முன்னாடியே கண்டுபிடித்துவிட்டார் மனுஷன்! உண்மையில் இந்தச் சீட்டு 1440களில் வட இத்தாலியில் விளையாட்டுக்காக வந்தது, பிறகு பிரான்ஸுக்குப் போனது. ஜோசியத்துக்கென்றே தனிக் கட்டு அச்சானது எத்தெய்யா என்ற பிரெஞ்சு ஜோசியரின் காலத்தில், 1789 வாக்கில்.

நான் கொழிஞ்சாம்பாறையில் அச்சகம் வைத்திருப்பவன். தமிழ்க் கல்யாணப் பத்திரிகையும் மலையாளக் கோயில் நோட்டீசும் ஒரே மேசையில் போகிற இடம். அதனால் இந்தச் சீட்டுகளைப் பார்த்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது மரப்பலகையும் செதுக்கினவன் கையும்தான். பலகையில் கறுப்புக் கோடு அச்சாகும், அதன்மேல் ஓட்டை வெட்டின அட்டையை வைத்து ஒவ்வொரு நிறமாகத் தடவுவார்கள். அட்டை ஒரு நூல் நகர்ந்தால் போதும், சிவப்பு சட்டையை விட்டு முகத்தில் ஏறிவிடும். அந்தச் சிவப்புக்கும் சிலர் ஆழ்ந்த அர்த்தம் சொல்கிறார்கள், கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

பாரீஸில் 1650 வாக்கில் இரண்டு பேர் டாரட் அடித்திருக்கிறார்கள், ழான் நொப்லே ஒருவர், ழாக் வியேவில் இன்னொருவர். ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே காலம். நொப்லேயின் 16ஆம் சீட்டில் கோபுரம் இடிந்து ஆட்கள் தலைகீழாக விழுகிறார்கள். வியேவில் கட்டில் கோபுரமே கிடையாது, ஒரு மரம், அதன் கீழே ஆட்டுமந்தையோடு ஒருவன், மேலே இடி. நட்சத்திரச் சீட்டில் நொப்லே இரண்டு குடத்தில் தண்ணீர் ஊற்றும் பெண்ணை வைத்தார். வியேவில் கையில் கவராயம் பிடித்த ஆணை வைத்தார். நிலாச் சீட்டில் அங்கே நாய்களும் நண்டு மாதிரி ஒன்றும், இங்கே நூல் நூற்கும் ஒரு பெண். ஒரே புனித நூலிலிருந்து வந்த படங்கள் என்றால் ஒரு ஊருக்குள்ளேயே இப்படி மாறுமா? அதுமட்டுமில்லை, வியேவிலின் பல படங்கள் மற்றவர்களின் படங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கின்றன. அச்சுக்காரனுக்கு இது உடனே பிடிபடும்: அச்சான சீட்டைப் பலகையில் ஒட்டி அப்படியே செதுக்கினால் அடுத்த அச்சில் இடம் வலமாகிவிடும். வியேவில் அப்படித்தான் செய்தார் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

அப்புறம் லியோனில் ழான் தொதால் 1700க்குப் பிறகு அடித்த கட்டையும், மார்சேயில் நிக்கோலா கோன்வேர் 1760 என்று ஆண்டு போட்ட கட்டையும் சேர்த்துப் பாருங்கள். இவை நெருங்கிய சொந்தம், அதனால் வித்தியாசம் சின்னச் சின்ன இடத்தில் ஒளிந்திருக்கும். காதலர் சீட்டில் தொதாலின் மன்மதனுக்குக் கண் கட்டியிருக்கிறது, கோன்வேரின் மன்மதன் கண் திறந்து குறி பார்க்கிறான். தொதாலின் நிலா நேராக நம்மைப் பார்க்கும், கோன்வேரின் நிலா பக்கவாட்டு முகம். 13ஆம் சீட்டில் எலும்புக்கூடு அரிவாளோடு நிற்கும், இரண்டிலும் பெயர் போடாமல் விட்டிருக்கிறார்கள். நொப்லே மட்டும் தயங்காமல் 'மரணம்' என்று கீழே பெயர் போட்டுவிட்டார். இதையே நான் ஒரு நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருப்பேன், வீட்டில் திட்டு விழும்.

ஊர் அரசியலும் சீட்டில் ஏறியிருக்கிறது. பெசான்சோன் என்ற பிரெஞ்சு ஊரின் பெயரால் சொல்லப்படும் வகைக் கட்டுகளில் போப்பும் பெண் போப்பும் போய் ரோமானியக் கடவுள்களான ஜூபிடரும் ஜூனோவும் உட்கார்ந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சில கட்டுகளில் பேரரசர் தாத்தாவாகவும் பேரரசி பாட்டியாகவும் பெயர் மாறினார்கள், தலைக்கு ஆபத்தில்லாத வேலை. இதற்கெல்லாம் முன்னாடி, 1557இல், லியோனில் கத்லேன் ழோஃப்ருவா அடித்த கட்டில் வழக்கமான சீட்டுக் குறிகளான வாள், கோப்பைக்குப் பதில் கிளி, மயில், சிங்கம் வருகின்றன. கிளி என்றதும் நம்ம ஊர் ஜோசியக்காரர் உரிமை கொண்டாடக் கூடாது, அது ஜெர்மானியக் கட்டு ஒன்றைப் பார்த்துப் போட்டது.

இன்னொன்றும் கட்டுரையில் வரவில்லை. பிரான்ஸில் இன்றைக்கும் டாரட் என்றால் பெரும்பாலோருக்குச் சீட்டாட்டம்தான். 78 சீட்டு, மொத்தம் 91 புள்ளி. முக்கியமான மூன்று சீட்டில் ஒன்றுகூட உங்கள் வசம் வராவிட்டால் 56 புள்ளி எடுத்தால்தான் ஜெயிப்பீர்கள். இங்கே பாலக்காட்டுப் பக்கம் திண்ணையில் அம்பத்தாறு என்ற சீட்டாட்டம் ஆடுகிறவர்கள் இதைக் கேட்டால், "சரி, துருப்பு எது?" என்றுதான் கேட்பார்கள், பூர்வ ஜென்மம் கேட்க மாட்டார்கள்.

ஜோசியம் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. வரலாறு என்று தலைப்புப் போட்டால் வரலாற்றைப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். நொப்லே, வியேவில், தொதால், கோன்வேர் நாலு பேருடைய கட்டும் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. அடுத்த இணைப்பில் நாலு நிலாச் சீட்டையும் ஒரே வரிசையில், நிறத்தைக் கூட்டாமல் அச்சிட்டுக் காட்டுங்கள். கீழே எந்த ஊர், எந்த ஆண்டு என்று மட்டும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓர் அச்சகக்காரர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்