குழலைக் குறை சொல்லுமுன் மரத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய போல்ற் றைபிள்கள் (ஒவ்வொரு வெடிக்கும் போல்ற் எனும் பூட்டுத்தண்டைக் கையால் இழுத்துத் தள்ளும் துவக்குகள்) குறி தவறுவது பற்றித் தங்கள் வார இதழில் வெளியான கட்டுரையை இருமுறை வாசித்தேன். குழலினுள் ரவையைச் சுழற்றிவிடும் உட்புரிகள் தேய்ந்துவிட்டால் துவக்கு உதவாது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரிதான். ஆனால் குறி தவறும் துவக்கு எல்லாவற்றுக்கும் அதுவே முதற்காரணம் என்பதுபோல் அவர் எழுதிச் செல்வதை, நாற்பது வருடம் மரத்தோடு பழகிய தச்சனான என்னால் ஏற்க முடியவில்லை.

எனது தந்தையார் நெடுங்கேணிப் பக்கத்தில் வயற்காவலுக்காக அனுமதிப்பத்திரத்துடன், சிறிய ரவை போடும் ஒரு .22 றைபிள் வைத்திருந்தார். சிறுபோக வெயிலில் ஐம்பது யார் தூரத்துச் சிரட்டையைத் தவறாமல் அடிக்கும் அந்தத் துவக்கு, மாரி தொடங்கி இரண்டு கிழமைக்குள் மூன்று விரல் அகலம் இடப்புறம் தள்ளிச் சுடும். மாரியில் பின்குறியை (குறி பார்க்கும் அமைப்பில் கண்ணுக்குக் கிட்ட உள்ள பாகத்தை) தட்டி நகர்த்துவதும், வெயில் பிடித்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதும் அவருக்கு வழக்கமாகிவிட்டது. நான் தச்சு பழகத் தொடங்கிய வருடம், உள்ளே ரவை இல்லை என்பதை இருமுறை பார்த்து, போல்ற்றை உருவி வைத்துவிட்டு, அடித் திருகாணிகளைக் கழற்றிக் குழலை, அதைத் தாங்கும் துவக்கின் மரப்பகுதியிலிருந்து தூக்கினேன். குழல் படுக்கும் பள்ளத்தின் வலப்பக்க விளிம்பில், சுண்டுவிரல் நீளத்துக்கு மரம் கறுத்து மினுங்கிக்கொண்டிருந்தது. மாரியில் கதவு நிலையோடு இறுகுவதைப்போல, ஈரத்தை வாங்கி ஊதிய மரம் அந்த ஓரிடத்தில் குழலை இடப்புறம் நெருக்கியிருக்கிறது. உடைந்த கண்ணாடிச் சில்லால் அந்த மினுக்கத்தை மட்டும் சுரண்டி, குழலுக்கும் மரத்துக்கும் இடையில் விட்ட கடதாசித் துண்டு தடையின்றி ஓடியதும் நிறுத்தி, பள்ளம் முழுவதற்கும் லின்சீட் எண்ணெய் மூன்று தரம் பூசினேன். அடுத்த மாரியில் தந்தையார் பின்குறியைத் தொடவில்லை.

கட்டுரையாளரும் ஒரு பத்தியில் மரத்தைச் சுரண்டச் சொல்கிறார்; ஆனால் இதே வைத்தியத்தை எல்லாத் துவக்குக்கும் செய்யச் சொல்வதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது. பழைய பிரித்தானிய இராணுவத் துவக்கான லீ என்ஃபீல்ட் .303 றைபிளில், முன்மரத்தின் நுனிப்பகுதி குழலை மேல்நோக்கித் தாங்கி அழுத்தும்படியாகவே பொருத்தப்படுகிறது. கடதாசி ஓடவில்லையே என்று அந்தத் தாங்கலைச் சுரண்டினால், நன்றாகச் சுட்ட துவக்கும் சிதறத் தொடங்கும். சுரண்டிய மரத்தைத் திரும்ப ஒட்டிவைக்கவும் முடியாது.

எதையும் கழற்றுவதற்கு முன், குறியாக வைத்துச் சுட்ட கடதாசியில் விழுந்த துளைகளைப் பார்க்க வேண்டும். துளைகள் நெருக்கமாகவே விழுந்து மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்திருந்தால், குறியமைப்பையோ மரத்தையோ சந்தேகிக்கலாம். குழல் சூடேறச் சூடேற ஒரே திசையில் ஊர்ந்து போனால், பெரும்பாலும் குழல் எங்கோ மரத்தில் முட்டுகிறது. ஒழுங்கின்றிச் சிதறினால், அடித் திருகாணிகளும், ஸ்கோப் எனும் குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பிடிக்கும் வளையங்களும் தளர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். பின்னர் குழல்வாயில் சிறிது பஞ்சைச் சுற்றித் தேய்த்துப் பார்க்கலாம். இழை சிக்கினால் அங்கே பிசிறு உண்டு. வாய்ப்பக்கமாகத் துப்புரவுக் கம்பியை விட்டுத் தேய்ப்பவர்களின் துவக்கில் அந்த விளிம்பு ஒருபக்கமாகத் தேய்ந்தும் இருக்கும். .22 துவக்குகள் ரவைக்கு ரவை வேறுவிதமாகச் சுடுவதால், வேறு வகை ரவையையும் போட்டுப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, மூன்று வெடியை நம்பாமல் பத்து வெடியாவது வைத்துப் பார்ப்பது நல்லது. இவ்வளவுக்குப் பிறகும் சிதறினால் குழலைக் குறை சொல்லலாம்.

மரத்தைச் சுரண்டுவது பற்றிய அந்தப் பத்தி .303 றைபிளுக்குப் பொருந்தாது என்ற திருத்தத்தையேனும் அடுத்த இதழில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சுத்தொழில் ஆசிரியர்,
நெடுங்கேணி.