கட்டிச் சீழைத் துடைத்தெறியாதீர்கள்: தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத் தோட்டங்களின் வைத்திய உதவியாளர்களுக்கும், உங்களுக்கு மேலே இருக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன், சிரிக்க வேண்டாம். கொழுந்தெடுக்கும் பெண்ணின் முன்கையில், இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு உரசும் இடத்தில், அட்டை கடித்துச் சொறிந்த காலில் வரும் அதே கட்டி. டிஸ்பென்சரியில் கீறிச் சீழை எடுத்து, மருந்து வைத்துக் கட்டி, கொஞ்சம் குளிசையும் கொடுத்து அனுப்புகிறீர்கள். அடுத்த மாதம் அவளுடைய பிள்ளைக்கு வருகிறது. அப்புறம் பக்கத்துக் காம்பராவில் ஒருவருக்கு. வீட்டில் "உடம்புச் சூடு" என்பார்கள், டிஸ்பென்சரியில் "சுத்தமில்லை" என்பார்கள். வரிசை வீடுகளான ஒரு லயமே ஒரு தண்ணீர்ப் பீலியை நம்பி இருக்கும் இடத்தில் யாரைப் பார்த்து அப்படிச் சொல்கிறோம்?

இத்தகைய கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பக்டீரியா. பலருடைய மூக்கில் அது சும்மாவே குடியிருக்கும். ஆனால் அதன் சில வகைகளிடம் இரண்டு மரபணுக்கள் கூடுதலாக இருக்கின்றன. பக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தவை அவை. அவை உண்டாக்கும் நஞ்சை 1932இல் தோல் நோய்களோடு தொடர்புபடுத்திய இருவரின் பெயரால் பான்டன்-வலன்டைன் லியூக்கோசிடின் என்கிறார்கள். ஒரு மரபணுவின் புரதம், கிருமியோடு போராடும் இரத்த வெள்ளையணுவான வெண்குழியத்தின் மேல் போய் ஒட்டும், மற்றதன் புரதம் அதோடு வந்து சேரும். நாலும் நாலுமாக எட்டுத் துண்டுகள் வளையமாகி மென்சவ்வில் துளை போட்டுவிடும். கிருமியை விழுங்க வந்த குழியத்தின் கதை அதோடு சரி. சுண்டெலியின் வெண்குழியங்கள் இந்த நஞ்சுக்கு அவ்வளவாக மசிவதில்லை. மனிதருடையவை உடனே சாகும். நீங்கள் பஞ்சில் துடைத்தெறியும் சீழில் நிறைந்திருப்பதும் செத்த வெண்குழியங்கள்தான்.

இந்த வகைக் கிருமி இருந்தால் கட்டி திரும்பத் திரும்ப வரலாம், ஒரே வீட்டில் பலருக்கும் தொற்றலாம். அபூர்வமாக, சளிக்காய்ச்சலுக்குப் பின்னால் நுரையீரலுக்குள் இறங்கி, திடகாத்திரமான இளவயதுக்காரரையே சில நாட்களில் கொன்றிருக்கிறது.

குளிசை விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. குளொக்சசிலின் போன்ற மருந்து கிருமியைக் கொல்லாத அளவுக்குக் குறைவாகப் படும்போது, சில வகைகள் இந்த நஞ்சைக் கூடுதலாகச் சுரப்பதை ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். அந்த மருந்துக்கே அடங்காத வகைகளும் உண்டு. எது எதுவென்று கட்டியைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

அதனால் கேட்கிறேன். ஒருவருக்குக் கட்டி திரும்ப வந்தால், அல்லது ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வந்தால், சீழை ஒரு குச்சியில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். மரபணுப் பரிசோதனை வசதி எல்லா இடத்திலும் கிடையாது, தெரியும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரண கல்ச்சர் செய்தாலே என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துவிடும். வீட்டில் மற்றவர்களுக்கும் கட்டி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். துவாயையும் சவர அலகையும் பொதுவில் வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

அதிகாரிகளே, மாதிரியை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக டிஸ்பென்சரியில் வாகனம் இல்லை. பஸ்ஸில் கொண்டுபோகச் சொன்னால் உதவியாளர் என்ன செய்வார்? அதற்கு ஒரு ஒழுங்கு செய்யுங்கள். புண்ணுக்கு மருந்து கட்ட வருபவளுக்கு அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், வெட்டப்படாமல் இருக்கத் தோட்ட நிர்வாகங்களோடும் பேசுங்கள். பேர் போகும் என்ற பயத்தில்தான் அவள் கட்டியோடு மலைக்கு ஏறுகிறாள்.

இப்படிக்கு,
லயத்தில் வளர்ந்து, இப்போது உயிரியல் படிப்பிக்கும் ஒருத்தி