எங்களையும் இருத்திக் கதையுங்கள்: நகரத் திருச்சபைக்குப் படுவான்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும், சமூகப்பணிக் குழுவில் இருக்கும் ஐயாமார், அம்மாமார் எல்லோருக்கும்,

வணக்கம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் எங்கள் முன்பள்ளி விடயம் உங்களுக்குப் புதிதல்ல. ரிப்பன் வெட்டியதும் நீங்கள்தான், ஆசிரியைமார் இருவருக்கும் நியமனக் கடிதம் கொடுத்ததும் நீங்கள்தான். அதனால் கதையை அடியிலிருந்து சொல்லவில்லை. ஆசிரியைமாருக்குக் கொடுப்பனவும் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் தந்த உங்கள் பங்காளி நிறுவனத்தின் மூன்று வருடத் திட்டம் சென்ற டிசம்பரோடு முடிந்துவிட்டது என்பது எங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். ஜனவரி மாதக் கொடுப்பனவு வங்கியில் விழவில்லை. ஆசிரியை உங்கள் பணிமனைக்குப் போன் எடுத்தார். "உங்களுக்குச் சொல்லல்லியா? அது முடிஞ்சுதே" என்றார் எடுத்த தம்பி. அவ்வளவுதான். ஒரு கடிதம் இல்லை, ஒரு கூட்டம் இல்லை. புதுப் பிள்ளைகளைச் சேர்த்து, சீருடைத் துணிக்கு அளவும் எடுத்து முடித்திருந்த நேரம் அது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். எந்த நிறுவனத்தோடும் எந்த வெளிநாட்டுச் சகோதர சபையோடும் எங்கள் ஊரின் பேரில் ஒப்பந்தம் செய்வதென்றால், கையெழுத்துப் போட முன்னர் எங்களையும் இருத்திக் கதையுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் தாருங்கள். எப்போது முடியும் என்ற திகதியைத் தொடங்கும் நாளிலேயே சுவரில் ஒட்டுங்கள்.

பணம் தீர்ந்ததைப் பற்றி எங்களுக்கு முறைப்பாடு இல்லை. யாருடைய பணமும் ஒருநாள் தீரும். 2022 இல் விலைவாசி ஏறிய ஏற்றத்தில் ஊருக்கு ஊர் என்ன பாடுபட்டது என்று எங்களுக்கும் தெரியும். சொல்லாமல் விட்டதுதான் வலி. அந்த வலி எங்கே போய் விழுந்தது என்று உங்கள் அறிக்கையில் வராது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

திட்டம் இருந்த காலத்தில் திங்கள் கடலை, செவ்வாய் இலைக்கஞ்சி, புதன் கௌபி, வெள்ளி அவித்த முட்டை என்று சுவரில் அழகாக எழுதி, கீழே மூன்று நிறுவனச் சின்னங்களும் வரைந்திருந்தது. இப்போதும் இருக்கிறது. சாப்பாடு நின்றதும் பெப்ரவரியில் தாய்மார் கூடிக் கதைத்து, ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவருவது என்று தீர்மானித்தார்கள். முருங்கை இலையும் முசுட்டை இலையும் வேலியில் கிடைக்கும். தேங்காய் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து வரும். ஆசிரியைமார் சம்பளமில்லாமலே வந்து அடுப்பு மூட்டினார்கள். அப்பாடா, கஞ்சி நிற்கவில்லை, ஊர் தன் காலில் நிற்கப் பழகிவிட்டது என்று நீங்கள் ஒரு கூட்டத்தில் சொல்லக்கூடும். அதற்கு முன்னர் மிச்சத்தையும் கேளுங்கள்.

பிடி அரிசி வரத் தொடங்கிய பிறகு சில பிள்ளைகள் வருவது நின்றது. வராதே என்று யாரும் சொல்லவில்லை. அரிசி இல்லாவிட்டாலும் பிள்ளையை அனுப்புங்கள் என்று ஆசிரியை வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஆனால் மற்றத் தாய்மார் சுளகில் அரிசியைக் கொட்டும்போது தான் மட்டும் வெறுங்கையோடு நிற்க யாருக்கு மனம் வரும்? செங்கல் அறுக்கப் போகிற ஒரு தங்கச்சி இருக்கிறாள். புருஷன் இல்லை. மூத்தது பள்ளிக்கூடம் போகிறது, இளையதுக்கு நாலு வயது. முன்பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தவள். இப்போது பிள்ளையும் அவளோடு போகிறது. ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். காயப்போட்ட பச்சைக்கல் வரிசைகளுக்குப் பக்கத்தில் ஒரு நாவல் மரம். அதில் பழைய சேலையால் ஏணை கட்டி, அதற்குள் பிள்ளை கிடந்தது. ஏணை கொள்ளாத பிள்ளை, கால் இரண்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. கையில் களிமண் உருண்டை. "பள்ளிக்குப் போகல்லியா மனே?" என்று கேட்டேன். "அரிசி இல்ல மாமா" என்றது. தாய் நிமிர்ந்து பார்க்கவில்லை. அச்சுக்குள் மண்ணை அடித்துக்கொண்டே இருந்தாள்.

ஐயா, உங்கள் படிவங்களில் 'அதிக தேவையுள்ள குடும்பங்கள்' என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலின் மேல்வரியில் இருந்தவர்கள்தான் முதலில் வெளியே போனார்கள்.

போன ஓகஸ்ட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது இப்படி ஆகியிருக்காது. விதைப்புக்கு முன்னரே கோயில் வயலில் ஒரு துண்டை முன்பள்ளிக்கென்று ஒதுக்கியிருப்போம். வெட்டு முடிந்ததும் பிள்ளைகளின் கஞ்சிக்கு அரிசி முன்பள்ளி வாசலிலேயே இருந்திருக்கும். யாரும் பிடி அரிசியோடு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. விதைத்து முடிந்த வயலில் ஜனவரியில் போய் எதை ஒதுக்குவது? இதனால்தான் திரும்பவும் கேட்கிறேன்: முடியும் திகதியை எங்களுக்குச் சொல்லுங்கள், முன்னரே சொல்லுங்கள், தமிழில் எழுதித் தாருங்கள்.

கோயில் வயல் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பள்ளி நிற்பது அம்மன் கோயில் வளவின் ஓரம். அந்தக் காணியைத் தர முதலில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் சம்மதிக்கவில்லை. "வேதக்காரருக்கு என்னத்துக்குக் கோயில் காணி? இண்டைக்குக் கஞ்சி, நாளைக்கு ஜெபம்" என்றார். பெற்றோர் குழுவின் சார்பில் அவரோடு வாதாடியவன் நான். சுவாமி விபுலாநந்தரே கல்முனையில் மெதடிஸ்தப் பள்ளியிலும் இங்கே புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர்தானே, படித்ததால் அவர் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டாரா என்று கேட்டேன். மனுஷன் சிரித்துவிட்டு இணங்கினார். உங்கள் மேல் பழி சொல்ல வரவில்லை: நீங்களும் உங்கள் ஆட்களும் ஒருநாளும் எங்கள் பிள்ளைகளின் நெற்றியில் திருநீறைப் பார்த்து முகம் சுளித்ததில்லை. வைகாசிச் சடங்கில், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திக்கு வந்த சனத்துக்குத் தாகசாந்தி கொடுத்தீர்கள். அது ஊர் முழுக்கத் தெரியும். இப்போது அதே ஊர் என்னிடம் கேட்கிறது: "என்னகா, உங்கட வேதக்காரர் சொல்லாமலே போயிட்டாங்களாமே?" வண்ணக்கர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

எங்களுக்குள் இருப்பது ஒப்பந்தத்தால் வந்த உறவு இல்லை. 2007 மார்ச்சில் ஷெல்லுக்குப் பயந்து படுவான்கரைச் சனம் உடுத்த உடுப்போடு வாவி தாண்டி எழுவான்கரைக்கு ஓடிவந்தபோது உங்கள் மண்டபத்தைத் திறந்துவிட்டீர்கள். எந்த நிறுவனத்தையும் கேட்டுவிட்டுத் திறக்கவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததாகக் கேள்விப்பட்டதும் எங்கள் பொடியன்மார் மோட்டார் சைக்கிளில் போதனா வைத்தியசாலைக்குப் பறந்தார்கள், இரத்தம் கொடுக்க. சீயோன் உங்கள் சபை இல்லை என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பார்கள். இப்படி இருந்த இரண்டு பேருக்கு நடுவில் 'பங்காளர்' என்று ஒருவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் நாங்கள் 'பயனாளிகள்' ஆகிப்போனோம்.

1814 இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் வந்து இறங்கினார். அடுத்த வருடமே காலமாகிவிட்டார். ஒரு வருடம்கூட முழுதாக இருக்கக் கொடுத்துவைக்காத மனுஷன் தொடங்கிய பள்ளிக்கூடம் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இருநூறு வருடம் தாண்டி நிற்கிறது. அவரிடம் மூன்று வருடத் திட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. அது அந்தக் காலம் என்பீர்கள். சரி. இந்தக் காலத்து முறைப்படியே கேட்கிறோம்: முறை என்றால் கணக்கும் திகதியும் சொல்வதுதானே? எங்கள் கோயிலில் சடங்கு முடிந்ததும் வரவுசெலவை ஊர்க்கூட்டத்தில் சத்தமாக வாசிப்பார்கள். கற்பூரம் வாங்கிய காசுக்கும் கேள்வி வரும், சண்டையும் வரும். ஆனால் யாருக்கும் தெரியாமல் சடங்கு நின்றுபோனது என்று ஒருநாளும் வந்ததில்லை. எங்கள் பிள்ளைகளின் பேரால் வந்த பணம் எவ்வளவு, எதுவரைக்கும் என்று ஆங்கிலத்தில் எங்கோ ஒரு கோப்பில் இருக்கிறது. பிள்ளைகளின் தாய்மாருக்கு மட்டும் தெரியாது.

ஆனால் கலண்டர் மட்டும் தவறாமல் வந்தது. புதுவருடத்துக்கு நீங்கள் அச்சடித்த கலண்டரில் மார்ச் மாதத்துக்கு எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று, கஞ்சிக் கோப்பையோடு சிரிக்கிறது. நல்ல படம். தாய் வெட்டி பிரேம் போட்டு வைத்திருக்கிறாள். படத்தில் தெரிகிற கோப்பையில் முட்ட முட்டக் கஞ்சி. மார்ச் வந்தபோது இங்கே ஆளுக்கு அரைக் கோப்பை. கலண்டர் அடிக்கக் கொடுக்க முன்னர் திட்டம் முடியப்போவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்தானே? அச்சகத்துக்காரருக்கு எழுதிய அதே நாளில் எங்களுக்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

படுவான்கரைக்கு வந்து பாருங்கள், ஆட்களை விடப் பலகைகள் அதிகம். தண்ணீர் வராத தாங்கி ஒன்றில் சின்னங்கள் வரைந்து இடம் போதாமல் மூடியிலும் வரைந்திருக்கிறார்கள். யானை வந்து வேலியைப் பிரிக்கும் ஊரில் ஒரு நிறுவனம் பூமரம் நட்டுத் தந்தது. யானைக்குப் பிடித்திருந்தது. சென்ற வருடம் ஒரே பிள்ளைக்கு மூன்று இடத்திலிருந்து புத்தகப் பை, ஒரு இடத்திலிருந்தும் கொப்பி இல்லை. வலது கை கொடுப்பதை இடது கை அறிய வேண்டாம் என்று உங்கள் வேதத்தில் இருக்கிறது என்று தெரியும். இடது கைக்கு வேண்டாம், பக்கத்து நிறுவனத்துக்காவது சொல்லிவிட்டுக் கொடுக்கலாமே. இது உங்களை மட்டும் சொல்வதில்லை. சுனாமிக்குப் பிறகு வந்தவர்களிலிருந்து நேற்று வந்தவர்கள் வரைக்கும் எல்லோருக்கும் பொருந்தும். அரசாங்கத்தைப் பற்றித் தொடங்கினால் இந்த மடல் முடியாது, விடுவோம்.

இந்த மடலை இப்போது எழுத வைத்தது சென்ற கிழமை நடந்த விடயம். டெப்லெட்டோடு இரண்டு பிள்ளைகள் வந்தார்கள், உங்கள் சபையின் கடிதத்தைக் காட்டினார்கள். புதிய பங்காளர், பெண்களுக்குக் கோழி வளர்ப்பு என்றார்கள். அடையாள அட்டைகளைப் படம் எடுத்தார்கள். ஒருநாளைக்கு எத்தனை நேரம் சாப்பிடுகிறீர்கள் என்று முன்பள்ளிக்குப் பக்கத்து வீட்டில் கேட்டார்கள். பக்கத்தில் இருந்த முன்பள்ளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அது அவர்களின் கேள்விப் படிவத்தில் இல்லையாம். நல்ல பிள்ளைகள், அவர்களில் பிழையில்லை, தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்பினோம். ஆனால் கோழி வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. முன்னர் ஒருதரம் வேறொருவர் கொடுத்த கோழிகளைக் கீரியும் நோயும் கொண்டுபோய்விட்டன, பலகை மட்டும் சுகமாக இருக்கிறது. எங்களைக் கேட்டிருந்தால், அந்தப் பணத்தில் இரண்டு ஆசிரியைமாருக்கும் கொடுப்பனவு, கிழமைக்கு ஐந்து நாள் கஞ்சி என்று ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்போம். முன்பள்ளி ஒழுங்காக நடந்தால் அந்தத் தாய்மார் உழைத்துத் தாங்களே கோழி வாங்கிக்கொள்வார்கள்.

கொஞ்சம் காரமாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களை விட்டால் உரிமையோடு கேட்க எங்களுக்கு வேறு யாரும் இல்லை.

பணிவாகக் கேட்கிறோம். இந்தக் கோழித் திட்டத்தில் கையெழுத்துப் போட முன்னர் ஒருதரம் இங்கே வாருங்கள். புதிய பங்காளரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆசிரியைமார் ஜனவரியிலிருந்து செய்த வேலைக்கான கொடுப்பனவுக்கு ஒரு வழி சொல்லுங்கள். பேனர் வேண்டாம், மாலை வேண்டாம், பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தவும் மாட்டோம். ஞாயிறு உங்களுக்கு ஆராதனை, வெள்ளி எங்களுக்குப் பூசை. பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினம் பின்னேரம் என்றால் வேலைக்குப் போகிற தாய்மாரும் வரலாம். மண்முனைப் பாலத்தால் வந்தால் நேரம் பிடிக்காது. கதிரைகள் கோயிலில் இருக்கின்றன, வண்ணக்கரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியை மட்டும் இரண்டு நாள் முன்னதாக ஆசிரியையிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் தாய்மார் அதை வாசித்துவிட்டு வரவேண்டும்.

இப்படிக்கு,
பெற்றோர் குழுவின் சார்பில்,
செயலாளர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.