கைப்பேசி சமையலறையிலேயே இருக்கட்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தத் தவணையில் வகுப்புகளில் போய் உட்கார்ந்து பார்த்தேன். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கினால் இரண்டாம் பத்தி முடிவதற்குள் நிமிர்ந்துவிடுகிறார்கள். ஒரு பையனின் கட்டைவிரல் புத்தக ஓரத்தை மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே இருந்தது. அவனுக்கே அது தெரியவில்லை. பள்ளியில் கைப்பேசிக்கு அனுமதி இல்லை, அதனால் பழக்கம் எங்கே ஒட்டியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2020 மார்ச்சில் கோவிட் பரவலால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, பாடத்துக்குக் கைப்பேசி வேண்டும் என்று கேட்டதே பள்ளிகள்தாம். அப்பா விடியுமுன் தோட்டத்தில் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போகிறார், அம்மா தொழிற்சாலை வேன் ஏறுகிறார், பிள்ளைகள் பாட்டி பொறுப்பு. கைப்பேசியைக் கொடுத்தால் சோறு இறங்குகிறது. பாட்டியை என்ன சொல்ல முடியும்?

கைப்பேசியில் விரலால் கோடு போட்டுத் திறக்கும் பூட்டுப் போட்டிருக்கிறோம் என்கிறீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எனக்கு விளக்கினாள்: "வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிங்க டீச்சர், அம்மா கோடு போட்ட தடம் அப்படியே தெரியும்."

அதனால் முதலில் தூரம், பிறகுதான் செயலி. 2017இல் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறக்குறைய 800 பேருக்குக் கவனத்தைச் சோதிக்கும் பயிற்சிகள் கொடுத்தார்கள். ஒலியை அடக்கிக் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தவர்களைவிட வேறு அறையில் விட்டு வந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இருந்தாலும் எழுந்து போய் எடுக்கச் சோம்பல்படுவது மனித சுபாவம், அந்தச் சோம்பல் நமக்கு லாபம்.

சார்ஜரைச் சமையலறையில் பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். இரவு 9 மணிக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் அங்கே போகட்டும், உங்களுடையதும் சேர்த்துத்தான். காலையில் எழ அலாரம் வேண்டுமே என்பீர்கள். பத்துப் பதினைந்து ரிங்கிட்டுக்கு மேசைக் கடிகாரம் கிடைக்கிறது. இரவு ஷிப்டில் ஆள் இருக்கும் வீட்டில் அழைப்பு வரலாம். ஒலியைக் கூட்டி வைத்தால் நம் வீடுகளில் சமையலறையிலிருந்து கேட்காமலா போகும்?

இனிச் செயலிகள். ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற பகுதியில் ஒவ்வொரு செயலிக்கும் நேர வரம்பு வைக்கலாம். பெரியவர்களுக்கு அது போதும். பிள்ளையோ அதே இடத்துக்குப் போய் வரம்பை எடுத்துவிடுவான். பிள்ளைக்குத் தனிக் கைப்பேசி இருந்தால் கூகளின் 'ஃபேமிலி லிங்க்' போடுங்கள், கட்டுப்பாடு உங்கள் கைப்பேசியில் இருக்கும். எத்தனை மணி நேரம், எப்போது அணைய வேண்டும், எந்தச் செயலியைப் பதிவிறக்கலாம் என்பதெல்லாம் நீங்கள் முடிவு செய்வது. ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' உண்டு, அதன் கடவுஎண் கைப்பேசியைத் திறக்கும் எண்ணாக இருக்கக் கூடாது. உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியையே பிள்ளையிடம் கொடுப்பதாக இருந்தால் அமைப்புகளில் 'ஆப் பின்னிங்' என்று தேடுங்கள். அங்கே கடவுஎண் கேட்கும் தெரிவையும் இயக்கிவிட்டால், கொடுத்த செயலியைவிட்டு வெளியே வர உங்கள் கடவுஎண் வேண்டியிருக்கும். கோடு போடும் பூட்டை மட்டும் மாற்றிவிடுங்கள், காரணம் மேலே சொன்னேன். டிக்டாக் கணக்குத் திறக்கவே குறைந்தது 13 வயதாக வேண்டும், நம் பிள்ளைகளில் யாருக்கும் அந்த வயது ஆகவில்லை.

பள்ளியும் தன் பங்கைச் செய்யும். அடுத்த திங்கள் முதல் வீட்டுப்பாடம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வராது, குறிப்பேட்டில்தான் வரும். கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவில் பயிற்சி இருந்தால் அதையும் அதிலேயே ஆசிரியர் குறித்திருப்பார். "வீட்டுப்பாடம் பார்க்கணும், போன் கொடுங்க" என்று யாராவது வந்து நின்றால் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். புலனக் குழு அவசரச் செய்திகளுக்கு மட்டும்.

இந்தச் சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்ததும் நூலகத்தில் ஆசிரியர்கள் உங்களோடு உட்கார்ந்து இவற்றையெல்லாம் அமைத்துத் தருவார்கள். பாட்டி, தாத்தாவையும் அழைத்து வாருங்கள். கைப்பேசியில் சார்ஜ் இருக்கட்டும், கூகள் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். அது நினைவில் இல்லாவிட்டால் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்